டம்ளர் வட்டத்து நிழல்

நான் சொல்லப்போவதில் பாதி உண்மை. எந்தப் பாதி என்று கேட்காதீர்கள், எனக்கே அது அடிக்கடி இடம் மாறிவிடுகிறது. ஆனால் எங்கள் ஊர் ஆற்றின் குறுக்கே கம்பிவடங்களில் தொங்கும் அந்தப் பெரிய பாலம் கட்டப்படுவதற்கு வெகு காலம் முன்பே அதன் நிழல் வந்து மணலில் விழுந்துவிட்டது என்பதை மட்டும் நீங்கள் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம். ஆமாம் என்று சொல்வார்கள், சொல்லிவிட்டு, இதையெல்லாம் போய் ஒரு சங்கதி என்று விசாரிக்க வந்தாயா என்று உங்களை ஒரு மாதிரியாகவும் பார்ப்பார்கள்.

அந்தப் பாலத்தை வரைந்தவன் நான், ஆவுடையப்பன். வடிவமைத்தவன் என்றுதான் முதலில் எழுதினேன். என் மனைவி பிரமு தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "கொல்லையில துணி காயப்போட நீங்க கட்டுன கொடியே நடுவுல தொய்ஞ்சு தரையத் தொடுது, நீங்களாக்கும் பாலத்தத் தொங்கவிட்டது" என்றாள். அடித்துவிட்டு வரைந்தவன் என்று மாற்றினேன். வடிவமைத்தது எங்கள் தலைமைப் பொறியாளர் ஜெசிந்தா மேடம். ஆற்றின் நடுவே ஒரே ஒரு கோபுரம், அதன் இரண்டு தோளிலிருந்தும் சாய்வாக இறங்கும் கம்பிவடங்கள், அந்த வடங்கள் தூக்கிப் பிடிக்கும் தளம், இந்தப் பக்கம் ஒரு துண்டு மாட்டினால் அந்தப் பக்கமும் ஒரு துண்டு மாட்டித் தராசு போலச் சமன் செய்துகொண்டே இரண்டு கரைக்கும் நீட்டிக்கொண்டு போக வேண்டும் என்று அவர் எனக்கு விளக்கினார். நான் அதைக் கேட்டுக்கொண்டு நேராகப் பெட்டிக்கடைக்குப் போய், இராத்திரியெல்லாம் தூங்காமல் நானே யோசித்துக் கண்டுபிடித்ததாகச் சொன்னேன்.

ஆபீசில் கம்ப்யூட்டர் இருந்தது, பெரிய தாளில் அச்சடிக்கும் இயந்திரமும் இருந்தது, அதற்கு மை வாங்கும் கோப்புதான் மேலிடத்திலிருந்து இன்னும் இறங்கி வரவில்லை. ஆகவே ஓய்வு பெற்ற பிறகும் என்னை விடாமல் பிடித்து உட்கார வைத்திருந்தார்கள். என் திறமைக்காக என்று ஊரில் சொல்லி வைத்திருந்தேன்.

முதல் வரைபடத்தில் எல்லாருடைய கையெழுத்தும் விழுந்த மறுநாள் காலை, ஆற்று மணலில் ஒரு கழுதை வந்து நின்றது. கழுதை எதையும் ஆராயாது, நிழல் என்றால் நிற்கும். மேலே பார்த்தால் வானம் துடைத்துவிட்ட தட்டுபோலக் கிடந்தது, ஒரு காக்கை கூட இல்லை. கீழே பார்த்தால் கோபுரம், வடங்கள், தளம், கைப்பிடிச் சுவர் எல்லாம் அளவு பிசகாமல் கறுப்பாக விழுந்து கிடந்தன. கழுதைக்குப் பின்னால் துணி வெளுப்பவர்கள் வந்தார்கள், அவர்களுக்குப் பின்னால் தர்பூசணி வண்டி வந்தது, வண்டிக்குப் பின்னால் போக்குவரத்துப் போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்தார், மதியத்துக்குள் பாதி ஊர் வந்து உட்கார்ந்துவிட்டது. எப்படி வந்தது இது என்று ஒருவரும் கேட்கவில்லை. எங்கள் ஊர்ச் சித்திரை வெயிலில் நிழலைப் பார்த்துக் கேள்வி கேட்பவனை வெளியூர்க்காரன் என்று அடையாளம் கண்டுகொள்வோம்.

யார் எங்கே உட்காருவது என்பதுதான் கேள்வி, அதையும் ஊர் சீக்கிரமே தீர்த்துக்கொண்டது. தளத்தின் நிழல் அகலமானது, அதில் வியாபாரிகள் சங்கம் கயிறு கட்டிவிட்டது. கோபுரத்தின் நிழலை ஓய்வு பெற்றவர்கள் எடுத்துக்கொண்டு சீட்டாடினார்கள். காலையில் மேற்கே தொடங்கும் ஆட்டம் சூரியனோடு நகர்ந்து நகர்ந்து மாலையில் கிழக்கே முடியும், வீட்டிலிருந்து சாப்பாடு கொண்டுவருகிறவர்கள் மணியைப் பார்த்துத்தான் தாத்தாவை எங்கே தேடுவது என்று தெரிந்துகொள்வார்கள். வடங்களின் நிழல் ஒல்லி. அதில் ஒருவர் பின் ஒருவராக வரிசையில்தான் உட்கார முடியும், முன்னால் இருப்பவனின் பிடரி மட்டும்தான் கண்ணில் படும், ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்கப் பிடிக்காத எங்கள் ஊருக்கு அது ரொம்பப் பொருத்தமான ஏற்பாடாக அமைந்தது. கிழக்குக் காலனியிலிருந்து வக்கீல் வீட்டு அம்மாள் மட்டும் புகார் கொடுத்தார்: மாலையில் கோபுரத்தின் நிழல் தன் மொட்டை மாடியில் ஏறிவிடுகிறது, கூழ்வற்றல் காயவில்லை என்று. இல்லாத பாலத்தின் நிழல் குறித்து நடவடிக்கை எடுக்க விதியில்லை, பாலம் வந்த பிறகு மனு கொடுக்கவும் என்று நகராட்சியிலிருந்து பதில் போயிற்று.

அப்புறம் கோபுரத்தின் அடியில் பாறை சரியில்லை என்று தெரிந்து, அதைக் கொஞ்சம் வடக்கே தள்ளி வரையச் சொன்னார்கள். வரைந்தேன். புதிய தாளில் கையெழுத்து விழுந்ததும் மறுநாள் நிழலும் வடக்கே போய்விட்டது. சீட்டாட வந்தவர்கள் பழைய இடத்தில் வெயிலில் நின்று ஒருவரையொருவர் திட்டிக்கொண்டார்கள். வியாபாரிகள் சங்கம் கட்டிய கயிறு வெறும் மணலைக் காவல் காத்தது. அன்றைக்குத்தான் ஊருக்கு விளங்கியது, கையெழுத்து விழுந்த கடைசித் தாள் எதுவோ அதுதான் நிழலை ஆளுகிறது, அந்தத் தாளை வரைகிற கை ஆவுடையப்பனுடையது என்று. அதற்குப் பிறகு எனக்குக் கிடைத்த மரியாதை இருக்கிறதே, காய்கறிக்காரர் கொசுறாக முருங்கைக்காய் போட்டார், எதிரே வந்தவர்கள் சைக்கிளை விட்டு இறங்கினார்கள். நான் பதிலுக்குத் தலையை அசைக்கப் பழகிக்கொண்டேன், கோயில் யானை அசைப்பது மாதிரி.

அந்தப் புதிய தாளில் ஒரு சங்கதி நடந்திருந்தது. எங்கள் ஆபீசில் மின்விசிறி சுற்றினால் தாள் பறக்கும், நிறுத்தினால் வரைகிறவன் வெந்துபோவான். ஆகவே தாளின் நாலு மூலையிலும் டீ டம்ளர்களை வைத்துவிட்டுத்தான் எல்லாரும் வேலை பார்ப்போம். காலி டம்ளர் உருண்டுவிடும் என்பதால் டீயோடுதான் வைக்க வேண்டும், ஆறிப்போன டீக்குப் பதில் சூடான டீ வந்துகொண்டே இருக்க வேண்டும், இதற்குப் பெயர் அரசாங்க வேலை. அப்படி வைத்ததில் ஒரு டம்ளர் தாளின் கீழ் மூலையில் வட்டமாகக் கறை பதித்துவிட்டது. நான் கவனிக்கவில்லை. கையெழுத்துப் போட்ட யாரும் கவனிக்கவில்லை.

ஆனால் நிழல் கவனித்தது. பாலத்தின் நிழலிலிருந்து சற்றுத் தள்ளி, ஆற்றின் கீழ்த்திசையில், கிணற்று விளிம்பு மாதிரி ஒரு வட்டம் விழுந்திருந்தது. ஓரமெல்லாம் நிழல், நடுவெல்லாம் வெயில். ஜெசிந்தா மேடம் கரையில் நின்று அதை வெகுநேரம் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அண்ணாச்சி, அது என்ன?"

"எது மேடம்?"

"அந்த வட்டம்."

"நிழல் மேடம்."

"எதோட நிழல்?"

கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு, "டீ" என்றேன்.

அவர் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. அடுத்த தாளில் வராமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார். பிற்பாடு தலைநகரிலிருந்து சரிபார்க்க வந்த குழு தாளில் அந்த வட்டத்தின் மேல் விரலை வைத்து இது என்ன என்று கேட்டபோதும் நான்தான் முந்திக்கொண்டு, வருங்கால விரிவாக்கத்துக்கு ஒதுக்கிய இடம் என்றேன். வருங்கால விரிவாக்கம் என்றால் அரசாங்கத்தில் அடுத்த கேள்வி கிடையாது, குழு தலையாட்டிவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போய்விட்டது.

ஊர்க்காரர்கள் அந்த வட்டத்துக்குள் காலை வைக்கவில்லை. நடுவில் வெயில் எரிகிற நிழல் நல்லதுக்கு இல்லை என்றார்கள். அதில் முதலில் போய் வண்டியை நிறுத்தியவள் கூழ் விற்கிற முத்துப்பேச்சி. பேருந்து நிலையத்துக் கூரையிலிருந்து அவளைக் கிளப்பியிருந்தார்கள், கோர்ட்டு வாசல் வேப்பமரத்தடியிலிருந்து ஜெராக்ஸ் கடைக்காரர் கிளப்பியிருந்தார், தளத்தின் நிழலில் வியாபாரிகள் சங்கம் கயிற்றைக் காட்டியது. கம்பங்கூழ் வெயிலில் நின்றால் புளித்துப் பொங்கிவிடும், குடிக்க வருகிறவனும் வெயிலில் நின்று குடிக்க மாட்டான். நிழல் கிடைக்கவில்லை என்றால் அவளுக்குப் பிழைப்பு இல்லை, அவ்வளவுதான் விஷயம். யாருக்கும் வேண்டாத வட்டம் அவளுக்குக் கிடைத்தது. பானையை ஓரத்து நிழலில் வைத்தாள், ஆட்களை வட்டமாக உட்கார வைத்தாள், தான் மட்டும் தலையில் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு நடுவில் வெயிலில் நின்று சுற்றிச் சுற்றி ஊற்றினாள்.

அந்த வட்டத்தின் குணம் போகப்போகத்தான் தெரிந்தது. பந்தி என்றால் தலைவாழை எங்கே விழுகிறது என்று ஒரு கணக்கு உண்டு, யாருக்கு முதல் இலை, யாருக்குக் கடைசி என்று எங்கள் ஊரில் அதற்காகக் கல்யாணங்கள் நின்றிருக்கின்றன. வட்டத்தில் எது முதல் இடம் என்று கண்டுபிடிக்கச் சங்கத் தலைவரே சுற்றிச் சுற்றி நடந்து பார்த்துவிட்டு, கால் வலித்து, துணி வெளுக்கிற மாடசாமிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். எதிரே வக்கீல் வீட்டு அம்மாள் உட்கார்ந்திருந்தார், வற்றல் காயாத கோபத்தை யாரிடமாவது சொல்ல வந்தவர், சொல்லி முடிக்கும்போது இரண்டாவது சொம்பு கூழில் இருந்தார். முகத்துக்கு முகம் பார்த்து உட்கார்ந்தால் எதையாவது பேசித்தான் ஆக வேண்டும். முதலில் வெயிலைப் பற்றிப் பேசினார்கள், அப்புறம் கூழில் உப்பு குறைவு என்றார்கள், அப்புறம் வரப்புத் தகராறில் பேச்சை நிறுத்திக்கொண்ட அண்ணன் தம்பி இரண்டு பேர் ஒரே வெங்காயத்துக்குக் கையை நீட்டி, நீ எடு, நீ எடு என்று சண்டை போட்டார்கள். சண்டை போட்டாலும் பேச்சு பேச்சுதானே.

சும்மா இருப்பார்களா நம் ஆட்கள். என் வீட்டு வாசலில் வரிசை கட்டினார்கள். பள்ளிக்கூடத்து மைதானத்துக்கு ஒரு கோடு போடுங்கள் என்று தலைமையாசிரியர் வந்தார், சுடுகாட்டுக்கு ஒரு ஓரம் கொடுங்கள் என்று ஒரு குடும்பம் வந்தது. நானும் பெரிய மனிதன் மாதிரி தாளை விரித்து, ஒரு சொட்டு டீயை இங்கே, ஒரு சொட்டை அங்கே என்று விட்டுப் பார்த்தேன், முத்துப்பேச்சி நிற்கிற நடுப்புள்ளியிலும் ஒரு சொட்டு விட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. கையெழுத்துக்கு முன்னால் பட்டதெல்லாம் பாலம், பின்னால் பட்டதெல்லாம் அழுக்கு. தாளை அசிங்கப்படுத்தியதற்கு மேடமிடம் வாங்கிய வசவை இங்கே எழுதினால் தாள் கிழியும்.

பாலம் கட்ட ஆரம்பித்தார்கள். கோபுரம் தன் நிழலின் வேரிலிருந்தே எழுந்தது, ஏறியது, வானத்தைத் தொட்டுக்கொண்டு நின்றது. வடங்களை ஒவ்வொன்றாக மேலே ஏற்றி, இயந்திரத்தால் இழுத்து, முறுக்கேற்றி, இங்கே ஒரு துண்டு தளம், அங்கே ஒரு துண்டு தளம் என்று மாட்டிக்கொண்டே போனார்கள். கட்டிய பாகத்தின் நிஜ நிழல் ஏற்கெனவே கிடந்த நிழலின் மேல் உறைக்குள் கத்தி போகிற மாதிரி போய் உட்கார்ந்தது, சீட்டாடிக்கொண்டிருந்தவர்களுக்கு வித்தியாசமே தெரியவில்லை. கடைசித் துண்டை மட்டும் வெயில் ஏறுவதற்கு முன்னால், விடிந்தும் விடியாத நேரத்தில் பொருத்தினார்கள், ஏறிவிட்டால் இரும்பு நீண்டு இடைவெளி பற்றாமல் போய்விடும் என்று. மேடம் குனிந்து கையாலேயே அந்த இணைப்பைத் தடவிப் பார்த்தார். நானும் குனிந்தேன், இடுப்பு பிடித்துக்கொண்டது, இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பாலத்தின் மேல் முதன்முதலாகத் தூக்கிச் செல்லப்பட்டவன் என்ற பெருமை எனக்கு உண்டு.

திறப்பு விழா நடந்தது, பேருந்துகள் ஓடின. அப்போதுதான் பெயர்க்கல் என்று ஒரு பேச்சு வந்தது. அமைச்சரில் தொடங்கி வரிசையாகப் பெயர்கள், கல் நீளமாக அமைந்துவிட்டதால் அடியில் கொஞ்சம் இடம் மிச்சம், அதில் வரைவாளர் சூ. ஆவுடையப்பன் என்று போட்டுவிடலாம் என்று மேடம் சொன்னார். நான் அன்றைக்கே கல்தச்சன் பட்டறைக்குப் போய்விட்டேன். அவன் செதுக்கி முடிக்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். என் பெயரின் பள்ளத்தில் விரலை விட்டு ஒவ்வொரு எழுத்தாக ஓட்டிப் பார்த்தேன், ஊர் முழுக்கச் சொன்னேன், பிரமுவைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். அவளே ஒன்றும் சொல்லாமல் முந்தானையால் கல்லின் தூசியைத் துடைத்தாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

கல்லை நடுவதற்கு ஒரே ஒரு காரியம் பாக்கி. கட்டி முடித்தபடி பாலம் எப்படி இருக்கிறதோ அப்படியே ஒரு கடைசி வரைபடம் போட்டு, அதில் கையெழுத்து வாங்க வேண்டும். அதன் பிறகுதான் பாலம் சட்டப்படி முடிந்ததாக அர்த்தம். நான் தாளை விரித்து, பென்சிலைச் சீவி, பாதிக் கோபுரம் வரைந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. கட்டியது மட்டும்தான் இந்தத் தாளில் இருக்கலாம். கட்டியதில் வட்டம் இல்லை. இதில் கையெழுத்து விழுந்த மறுநாள் முத்துப்பேச்சி வெறும் வெயிலில் நிற்பாள்.

மேடமிடம் போய், இந்தத் தாளிலும் ஒரு ஓரமாக டம்ளரை வைத்துவிடவா என்று கேட்டேன். கட்டாத ஒன்றைக் கட்டியதாகக் கையெழுத்துப் போட மாட்டேன், நாளைக்குப் பாலத்தைச் சரிபார்க்க வருகிறவன் இந்தத் தாளை நம்பித்தான் மேலே ஏறுவான் என்றார். அது நியாயம்தான். அப்படியானால் வட்டத்தையே கட்டிவிடலாமே என்றேன். அவர் மறுக்கவில்லை, ஒரு வாரம் உட்கார்ந்து கணக்குப் போட்டார், கடைசி வடத்தில் ஒரு வளையத்தைத் தொங்கவிட்டுப் பார்த்தார், தூண் மேல் நிறுத்திப் பார்த்தார். காற்றில் ஆடிப் பாலத்தையும் சேர்த்து ஆட்டும், ஆடாமல் இருக்கத் தூண்களை நட்டால் ஆற்றில் வெள்ளம் வரும்போது அடித்துக்கொண்டு போகும் என்று சொல்லிவிட்டுக் காகிதங்களை மடித்து வைத்தார்.

மறுநாள் மதியம் வட்டத்துக்குப் போனேன். கல்லில் என் பெயர் ஏறிய செய்தியை முத்துப்பேச்சியிடம் நானே சொல்ல வேண்டும் என்று ஓர் ஆசை இருந்தது, மற்றதையும் எப்படியாவது சொல்லிவிட வேண்டும் என்றும் இருந்தது.

"என்ன அண்ணாச்சி, மொகம் செத்துப்போய்க் கெடக்கு?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. இந்த வட்டம் திடீர்னு ஒருநாள் இல்லாமப் போச்சுன்னா நீ எங்க போவ?"

அவள் ஊற்றிக்கொண்டிருந்ததை நிறுத்தவில்லை. "எங்கன்னு போக? நெழலு இருக்க எடத்துல எல்லாம் முன்னமே ஒரு ஆளு இருக்கான் அண்ணாச்சி" என்றாள், ஏதோ உப்பு தீர்ந்துபோன செய்தியைச் சொல்வது போல. அப்புறம், "வெங்காயம் வைக்கட்டா, மோர்மொளகா வைக்கட்டா?" என்று கேட்டாள்.

மோர்மிளகாய் என்றேன். பெயர்க்கல்லைப் பற்றிச் சொல்லவில்லை.

அன்றிலிருந்து நான் அந்தக் கடைசித் தாளை வரைந்துகொண்டிருக்கிறேன். வரைபடக் கலையில் இவ்வளவு மெதுவாக ஒரு கோடு போட முடியும் என்று எனக்கே தெரியாது. காலையில் ஒரு வடம் வரைவேன், மாலையில் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்து, சாய்வு சரியில்லை என்று அழிப்பேன். மை வந்துவிட்டது, இயந்திரம் ஓடுகிறது, கம்ப்யூட்டரில் ஒரு மணி நேரத்தில் முடித்துவிடுவோம் என்று இளவட்டங்கள் சொன்னார்கள். மூலப்படம் யார் கையால் வந்ததோ அதே கையால்தான் முடிவுப்படமும் வர வேண்டும் என்று மேடம் ஓர் உத்தரவு போட்டார். அப்படி ஒரு விதி இருப்பதாக அதுவரை யாருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

ஊர் என்னைச் சும்மா விடுமா. சைக்கிளை விட்டு இறங்கியவர்கள் இப்போது மணியடித்துக்கொண்டு போகிறார்கள், முருங்கைக்காய் நின்றுவிட்டது. பரணுக்குப் பலகை அடிக்கச் சொன்னதே இன்னும் முடியவில்லை, பாலத்தை முடிக்கப்போகிறாராக்கும் என்று பிரமு வீட்டுக்கு வருகிறவர்களிடம் எல்லாம் சொல்கிறாள். கல்தச்சன் கல்லைப் பட்டறை வாசலில் சாய்த்துப் போட்டு அதன்மேல் உளி தீட்டுகிறான். அமைச்சர் பெயர் உயரத்தில் இருப்பதால் கைக்கு எட்டவில்லை. அடியில் இருப்பது என் பெயர், தேய்வதும் அதுதான். எவ்வளவு வயதாகிறது, இன்னும் வேலைக்குப் போகிறீரே என்று கேட்கிறவர்களிடம், கோடு ஒன்று பாக்கி இருக்கிறது, அதை வைத்துவிட்டுச் சாக முடியுமா என்கிறேன். உண்மையிலேயே எனக்குச் சாக நேரமில்லை. நான் போனால் என் பென்சிலை எடுக்க ஒரு சுறுசுறுப்பான பயல் வந்துவிடுவான்.

போன பங்குனியில் ஜெசிந்தா மேடம் வந்திருந்தார். பதவி உயர்ந்து தலைநகருக்குப் போய்விட்டவர், ஏதோ ஆய்வுக்காக வந்தவர், பாலத்தைப் பார்த்துவிட்டு நேரே வட்டத்துக்கு இறங்கி வந்து, எனக்கு எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தார். ஒரு பக்கம் சங்கத் தலைவர், ஒரு பக்கம் மாடசாமி. ஒரு சொம்பு கூழ் முழுதும் குடித்து வாயைத் துடைத்துக்கொண்ட பிறகுதான் பையிலிருந்து காகிதத்தை எடுத்தார்.

"அண்ணாச்சி, மேல இருந்து கேட்டிருக்காங்க. பாலத்துல பஸ் ஓடுது, வரைபடம் ஏன் இன்னும் முடியலன்னு. இன்னைக்குப் பதில் அனுப்பணும். என்ன எழுதட்டும்?"

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "வரைவாளர் மிகுந்த கவனத்தோடும் நுட்பத்தோடும்..." என்று தொடங்கினேன்.

நடுவில் வெயிலில் நின்று ஊற்றிக்கொண்டிருந்த முத்துப்பேச்சி அப்படியே திரும்பினாள். "கவனமா? நல்லா இருக்கு கத. மேடம், ஆளு சுத்தச் சோம்பேறின்னு எழுதுங்க. பாவம் அந்தப் பாலம், பேர்க்கல்லு இல்லாம மொட்டையா நிக்கி. இந்த மனுசன் பேரப் போட்டே எழுதுங்க, அப்பதான் ஒறைக்கும்."

வட்டம் முழுவதும் சிரித்தது. வட்டமாக உட்கார்ந்திருப்பதில் அது ஒரு கஷ்டம், எந்தப் பக்கம் திரும்பினாலும் சிரிக்கிற முகம்தான் இருக்கும். மேடம் மட்டும் சிரிக்காமல் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

"பேர் போடவா அண்ணாச்சி?"

"போடுங்க மேடம்" என்றேன். "இனிஷியலோட போடுங்க."

அவர் மடியில் காகிதத்தை வைத்து நிதானமாக எழுதினார், எழுதியதை எல்லாரும் கேட்கும்படி ஒருமுறை படித்தார், கீழே கையெழுத்துப் போட்டார். வரைவாளர் சூ. ஆவுடையப்பன் சோம்பேறி. அரசாங்கத்தில் அது பதிவாகிவிட்டது, இனி யாராலும் அழிக்க முடியாது. முத்துப்பேச்சி தலைத்துண்டை நனைத்துப் பிழிந்து மறுபடி போட்டுக்கொண்டு, இன்னும் திட்டிக்கொண்டே, என் சொம்பை வாங்கி விளிம்பு வரை ஊற்றினாள்.